ஆற்றின் ஒரு கரையில் பெரிய வண்டல் விசிறி, மறுகரையில் ஏன் இல்லை?

லடாக்கின் லே நகரில் சாந்தி ஸ்தூபி மேட்டில் நின்று தெற்கே பார்த்தால், சிந்து நதிக்கு அந்தப் பக்கம் ஸ்டோக் மலையடிவாரம் நெடுக ஒரே சாய்வாக இறங்கும் பெரிய வண்டல் விசிறிகள், அதாவது மலை ஓடைகள் அடிவாரத்தில் விசிறிபோல் பரப்பிய கல்மண் படிவுகள், தெரிகின்றன. லே ஊர் இருக்கிற இந்தப் பக்கமோ மலைமுனைகளும் அவற்றுக்கு நடுவே மண் நிரம்பிய பள்ளங்களும்தான். மழையும் குளிரும் இரண்டு கரைக்கும் ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம், விசிறியின் அளவையும் வடிவத்தையும் எதுதான் தீர்மானிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

மேலே இருக்கும் ஓடை எவ்வளவு கல்லும் மண்ணும் அனுப்புகிறது என்பது பாதி விஷயம்தான். அதில் எவ்வளவை வைத்துக்கொள்ளக் கீழே உள்ள பள்ளத்தாக்கு இடம் கொடுக்கிறது என்பது மறுபாதி. இந்த மறுபாதியைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை, லேயின் விடையோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், விசிறி எப்படி உருவாகிறது என்று நாம் படித்து வைத்திருப்பதையே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலையிலிருந்து இறங்கும் ஓடை சமதளத்துக்கு வந்ததும் சரிவு சட்டென்று குறைகிறது, வேகம் குறைகிறது, சுமந்து வந்ததைப் போட்டுவிடுகிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தோம். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நேரில் போய் அளந்தால் பெரும்பாலான விசிறிகளில் அப்படி ஒரு சட்டென்ற மாற்றம் இல்லை. இடுக்கை விட்டு வெளியே வருவதற்குச் சற்று முன்னால் ஓடைப் படுகையின் சரிவு என்னவோ, கிட்டத்தட்ட அதே சரிவுதான் விசிறியின் மேல்பகுதியிலும் இருக்கும். மாறுவது அகலம். இரண்டு பக்கமும் பாறைச்சுவர் நெருக்கிக்கொண்டிருந்த வெள்ளத்துக்கு வெளியே வந்ததும் கரையே இல்லை, அது பரவிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடுக்குக்குள் 20 மீட்டர் அகலத்தில் 2 மீட்டர் ஆழமாக வந்த வெள்ளம் வெளியே 100 மீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது, சரிவு துளியும் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் ஐந்து மடங்கானால் ஆழம் ஐந்தில் ஒன்றாகிவிடாது, ஏனென்றால் ஆழம் குறையும்போது வேகமும் குறைகிறது. தோராயமாக 75 சென்டிமீட்டர் அளவில் வந்து நிற்கும். படுகையில் கிடக்கும் கல்லை இழுக்கும் விசை ஆழத்தையும் சரிவையும் பெருக்கி வருவது, ஆகவே அதுவும் பழைய அளவில் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. புரட்டக்கூடிய கல்லின் அளவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். அதாவது இடுக்குக்குள் ஒரு மீட்டர் பாறையை உருட்டிக்கொண்டு வந்த அதே வெள்ளத்தால், வெளியே வந்ததும் 40 சென்டிமீட்டர் கல்லைக்கூட நகர்த்த முடியாது. பெரிய கற்கள் எல்லாம் விசிறியின் உச்சியிலேயே, அதாவது இடுக்கின் வாயை ஒட்டியே, கிடப்பதற்கு இதுதான் காரணம். சரிவு குறைவது காரணமல்ல என்று சொல்லவில்லை, விசிறியில் கீழே போகப்போகச் சரிவு மெல்லக் குறையத்தான் செய்கிறது. ஆனால் அது படிவு சேர்ந்து சேர்ந்து ஏற்பட்ட விளைவு.

இன்னொன்று, தண்ணீரே வழியில் குறைந்துபோகிறது. சரளைக்கல் குவியலுக்குள் நீர் சுலபமாக இறங்கிவிடும், அதனால் வறண்ட நாடுகளில் உச்சியில் பார்த்த ஓடை அடிவாரத்துக்கு வந்து சேராமலே மறைந்துவிடுவது சாதாரணம். உள்ளே இறங்கிய நீர், சரளைக்கல் முடிந்து மணலும் வண்டலும் தொடங்கும் கீழ் விளிம்பில் ஊற்றாக மறுபடி வெளியே வரும்.

சரி, ஓடை உச்சியில் கல்லைப் போடுகிறது. அப்படியே போய்க்கொண்டிருந்தால் ஒரு நீளமான மேடுதான் கிடைக்கும், விசிறி கிடைக்காது. விசிறி ஆக வேண்டுமென்றால் ஓடை தடம் மாற வேண்டும். போட்ட கல் தன் படுகையையே உயர்த்துகிறது, சில இடங்களில் பெரிய பாறைகள் சிக்கி வழியையே அடைத்துவிடுகின்றன, அடுத்த வெள்ளம் பக்கத்தில் எங்கே பள்ளமோ அங்கே உடைத்துக்கொண்டு போகிறது. அங்கும் சில காலம் நிரப்பிவிட்டு மறுபடி மாறும். உச்சியைப் பிடித்துக்கொண்டு இப்படி இடமும் வலமுமாகப் பல்லாயிரம் ஆண்டுகள் மாறி மாறி ஓடினால் எல்லாத் திசையிலும் ஒரே சாய்வு அமைகிறது. நிலவரைபடத்தில் சம உயரக் கோடுகள் உச்சியை மையமாக வைத்து வட்ட வில்களாக வருவதைப் பார்த்தாலே விசிறி என்று சொல்லிவிடலாம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் மேடு தட்டியிருக்கும். இதைக் கொஞ்சம் யோசியுங்கள்: சாதாரண ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, விசிறியின் ஓடை பல சமயம் மேட்டின் முதுகில் ஓடுகிறது. இன்றைக்கு அது இருக்கும் தடம் தற்காலிகம். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசாகா அருகே கரை உடைத்த கோசி ஆறு, பீகாருக்குள் 100 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளிப் பாய்ந்ததும் இதே இயல்புதான். அது இமயமலையடிவாரச் சமவெளியில் உள்ள மாபெரும் விசிறி, சரிவு கண்ணுக்கே தெரியாது, ஆனால் இரண்டு பக்கமும் கரைகட்டி ஒரே தடத்தில் வைத்திருந்ததால் படுகை உயர்ந்துகொண்டே போயிருந்தது.

இனி அனுப்பும் பக்கம். நீர்ப்பிடிப்புப் பரப்பு பெரிதாக இருந்தால் விசிறி பெரிது, இது எங்கும் பொதுவாகப் பொருந்தும். ஆனால் நேர்விகிதம் இல்லை. பரப்பு பத்து மடங்கானால் விசிறி ஏறக்குறைய எட்டு மடங்குதான் ஆகும், ஏனென்றால் பெரிய நீர்ப்பிடிப்புகளில் மண்ணில் கொஞ்சம் உள்ளேயே அங்கங்கே படுகைகளில் தங்கிவிடுகிறது. சரிவு இதற்கு எதிர்மாறாகப் போகும்: பெரிய ஓடையின் விசிறி தட்டையானது, சின்ன ஓடையின் விசிறி செங்குத்தானது. பாறையும் முக்கியம். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் அளந்து பார்த்ததில், ஒரே அளவு நீர்ப்பிடிப்பு இருந்தும் களிமண்பாறையிலிருந்து வரும் ஓடைகளின் விசிறி, மணற்பாறையிலிருந்து வருபவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. உதிரும் பாறை அதிகம் அனுப்புகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்படி வருகிறது என்பதுதான் வடிவத்தில் பளிச்சென்று தெரியும். வெறும் வெள்ளமாக வந்தால் விசிறி தட்டையாக, இரண்டு மூன்று டிகிரி சரிவில் இருக்கும். கல்லும் சேறும் நீரும் ஒன்றாகக் குழைந்து கற்சேற்று ஓட்டமாக வந்தால் கதை வேறு. அதற்குத் தன்னுள்ளேயே ஒரு பிடிப்பு உண்டு; வேகம் குறைந்து, தடிமனும் குறைந்து ஒரு அளவுக்குக் கீழே போனதும் அப்படியே நின்றுவிடும், சரிவான இடத்திலேகூட. அதனால் அந்த விசிறிகள் ஐந்து முதல் பத்துப் பதினைந்து டிகிரி வரை செங்குத்தாக, மேற்பரப்பு கரடுமுரடாக, இரண்டு பக்கமும் பாறை வரப்புகள் போட்டதுபோல் இருக்கும்.

எந்த ஓடை எப்படி அனுப்பும் என்று முன்கூட்டியே ஊகிக்க ஒரு எளிய அளவு இருக்கிறது. நீர்ப்பிடிப்பின் உயர வித்தியாசத்தை அதன் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், மெல்டன் எண் என்பார்கள். 0.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் வெள்ளம்தான், 0.6ஐத் தொட்டால் கற்சேற்று ஓட்டத்தை எதிர்பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் இல்கிராபன் என்று ஒரு ஓடை இருக்கிறது. நீர்ப்பிடிப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான், உயர வித்தியாசமோ 1.9 கிலோமீட்டர் அளவுக்கு வரும், வகுத்தால் 0.6. அங்கே பாறை நொறுங்கிப்போனது, 1961இல் ஒரு பெரிய பாறைச்சரிவும் விழுந்து ஓடைக்குத் தீனி போட்டது. இன்றும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கற்சேற்று ஓட்டங்கள் வருகின்றன, 2000ஆம் ஆண்டிலிருந்து கருவிகள் வைத்துத் தொடர்ந்து அளக்கிறார்கள். அதன் விசிறி எவ்வளவு பெரிது என்றால், ரோன் போன்ற ஒரு பெரிய ஆற்றையே பள்ளத்தாக்கின் வடக்குச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருக்கிறது. இவ்வளவு சின்ன ஓடைக்கு இவ்வளவு பலமா என்று அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கும்.

அனுப்புவதில் காலம் என்று ஒன்றும் இருக்கிறது, இதை மறந்துவிட்டு இன்றைய மழையை வைத்தே எல்லாவற்றையும் விளக்கப் பார்ப்பது தவறு. மலைப் பள்ளத்தாக்குகளில் நாம் பார்க்கும் பல விசிறிகள் இன்றைய ஓடை கட்டியவை அல்ல. பனியுகம் முடிந்து பனியாறுகள் பின்வாங்கியபோது, அவை விட்டுப்போன தளர்வான கல்மண் குவியல்கள் மலைச்சரிவு முழுக்கக் கிடந்தன, பிடித்து வைக்கச் செடிகொடியும் இல்லை. சில ஆயிரம் ஆண்டுகளில் அவ்வளவும் இறங்கி வந்து விசிறியாயின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதற்கு அருமையான சாட்சி கிடைக்கிறது: சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்னால் வெடித்த மசாமா எரிமலையின் சாம்பல் அடுக்கு அங்குள்ள பல விசிறிகளில் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கிறது. அப்படியென்றால் விசிறியின் பெரும்பகுதி அந்த வெடிப்புக்கு முன்பே கட்டி முடிந்துவிட்டது. இருப்புத் தீர்ந்தபின் ஓடைக்குக் கல் குறைந்தது, நீர் மிஞ்சியது, மிஞ்சிய நீர் தான் கட்டியதையே வெட்டத் தொடங்கியது. விசிறியின் தலையில் ஆழமான வாய்க்கால் போன்ற வெட்டு ஒன்று பல இடங்களில் இருப்பது இதனால்தான்.

இப்போது வைத்துக்கொள்ளும் பக்கத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் டெத் வேலியை முதலில் பார்த்துவிட்டால் லே சுலபமாகப் புரியும். அந்தப் பள்ளத்தாக்கின் மேற்கே பனமிண்ட் மலைத்தொடர், கிழக்கே பிளாக் மலைகள். மேற்கே விசிறிகள் அகலமாக நீண்டு, ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே பெரிய சாய்தளமாகக் கிடக்கின்றன. கிழக்கேயோ ஒவ்வொரு இடுக்கின் வாயிலும் சின்னச்சின்னதாக, செங்குத்தாக, தனித்தனியாக நிற்கின்றன. பனமிண்ட் உயரமானது, நீர்ப்பிடிப்பும் பெரிது, அது உண்மைதான். ஆனால் அது மட்டுமே போதாது. பள்ளத்தாக்கின் தரையே கிழக்குப் பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது, பிளாக் மலைகளின் அடிவாரத்தை ஒட்டி நிலப்பிளவு ஓடுகிறது. கிழக்கு விசிறிகள் எவ்வளவு வளர்ந்தாலும் அவற்றின் அடிப்பகுதி இறங்கி, உப்புத்தரையும் களிமண்ணும் அதன்மேல் ஏறி மூடிவிடுகின்றன. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் தாழ்விடம் அந்தக் கிழக்கு ஓரத்தில் இருப்பதும் தற்செயல் அல்ல. அங்கே விசிறி சிறிதாகத் தெரிகிறது, ஆனால் வந்த கல்லில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் கீழே புதைந்திருக்கிறது.

அப்படியே லேக்கு வாருங்கள். தெற்கே ஸ்டோக் மலைத்தொடர், மணற்பாறையும் களிமண்பாறையும் கூழாங்கல் கலந்த பாறையும் அடுக்கடுக்காக மடிந்து செங்குத்தாக நிற்கும் மலை. வெயிலிலும் உறைபனியிலும் சுலபமாக உதிரும். 6,153 மீட்டர் உயர ஸ்டோக் காங்ரியிலிருந்து சிந்து நதிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை, அதற்குள் மூன்று கிலோமீட்டருக்கு அருகில் இறங்கியாக வேண்டும். வடக்கே லடாக் மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட். அதன் ஓடைகள் சின்னவை அல்ல, லே பள்ளத்தாக்கே கர்துங் லா கணவாய் வரை நீள்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்தப் பக்கமும் நல்ல பெரிய விசிறிகள் வந்திருக்க வேண்டும்.

வராததற்கு நிலத்தின் அசைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெற்குப் பக்கப் பாறைகள் வடக்கு நோக்கி நெருக்கி மேலே ஏற்றப்பட்டவை. அந்தப் பாரமும், அங்கிருந்து வந்து கொட்டிய கல்மண்ணும் பள்ளத்தாக்கை வடக்கே தள்ளியிருக்கின்றன. ஸ்டோக் விசிறிகள் முன்னேற முன்னேற சிந்து நதி வடக்கே ஒதுங்கியது, லே பக்கத்துக் கரையில் உள்ள ஸ்பிதுக் குன்றின் காலடியில் அது எப்படி ஒட்டிப் போகிறது என்று பாருங்கள். ஆற்றின் படுகையும் விசிறிகளோடு சேர்ந்து உயர்ந்தது. படுகை உயர்ந்தால் அதில் வந்து சேரும் வடக்கு ஓடைகளின் கடைசிப் பகுதியும் நிரம்பியாக வேண்டும், வேறு வழியில்லை. அதனால் லே பக்கத்து ஓடைகளின் கல் வெளியே வந்து விசிறியாக விரிவதற்கு முன் பள்ளத்தாக்குக்குள்ளேயே தங்கி நிரப்பிவிட்டது. மலைமுனைகளின் அடிப்பகுதி புதைந்து நுனி மட்டும் வெளியே நிற்கிறது. ஷே, திக்சே மடாலயங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும் கிரானைட் குன்றுகள் அந்த நுனிகள்தான். ஆகவே வடக்கே வண்டல் இல்லாமல் இல்லை. அது மலைக்குள் நுழைந்து கிடக்கிறது, விசிறி வடிவம் எடுக்க இடம் கிடைக்கவில்லை. லே ஊரே அந்தச் சாய்வின் மேல்தான் இருக்கிறது: கடைவீதி சுமார் 3,500 மீட்டரில், விமான நிலையம் 3,256 மீட்டரில், நடுவே ஐந்து கிலோமீட்டர் அளவு தூரம். ஏறத்தாழ மூன்று டிகிரி சரிவு.

பள்ளத்தாக்கு குறுகலாக இருந்தால் இன்னும் வேறு மாதிரி ஆகும். எதிர்ச்சுவர் வரை போய் முட்டினால் விசிறிக்கு நீள இடமில்லை, குட்டையாகவும் செங்குத்தாகவும் நின்றுவிடும். பெரிய ஆறு அடியிலேயே ஓடினால் வெள்ளம்தோறும் விளிம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். அப்போது விசிறியின் முன்பக்கம் சுவர்போல் வெட்டுப்பட்டு நிற்கும். ஆறு பலமானதாக இருந்தால் எதுவுமே மிஞ்சாது, ஓடை மட்டும் வந்து கலக்கும். ஓடை வாயில் விசிறி இல்லை என்பதால் அங்கிருந்து கல் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இதெல்லாம் வெறும் நில அமைப்பு ஆர்வம் மட்டுமில்லை, மக்கள் அங்கேதான் வாழ்கிறார்கள். லடாக்கில் விளைநிலமும் தண்ணீரும் ஓரளவு சாய்வும் ஒருசேரக் கிடைக்கும் இடம் விசிறிதான், பாலைநிறத்துக்கு நடுவே பச்சையாகத் தெரியும் ஊர்களில் பெரும்பாலானவை அதன்மேல்தான் இருக்கின்றன. 2010 ஆகஸ்ட் 5 இரவு லேயைச் சுற்றிய சிறு ஓடைகளில் மேகவெடிப்பு மழை கொட்டியது, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சாபு பள்ளத்தாக்கு வாயில் உள்ள சோக்லம்சர் கற்சேற்றில் நொறுங்கியது. விமானப்படையின் லே வானிலை நிலையத்தில் பதிவானது 12.8 மில்லிமீட்டர் மட்டுமே. அவ்வளவு குறுகலான இடத்தில் கொட்டிய மழை அது. வெனிசுவேலாவின் வர்காஸ் கடற்கரையில் 1999 டிசம்பரில் மூன்று நாளில் 911 மில்லிமீட்டர் பெய்து, கரபாலேடா என்ற விசிறியின்மேல் கட்டப்பட்ட அடுக்குமாடிகளுக்கு நடுவே வீட்டளவு பாறைகள் வந்து நின்றன. அந்தக் கடற்கரை முழுவதிலும் இறந்தவர்கள் பல ஆயிரம். இரண்டு இடத்திலும் ஓடை புதிதாக எதையும் செய்துவிடவில்லை, அந்தத் தரையைக் கட்டிய அதே வேலையைத்தான் தொடர்ந்தது. இதை வீடு கட்ட மனை பார்ப்பவருக்கு யாராவது சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அடுத்த முறை போனால் நீங்களே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். முதலில் சாலைக்காக வெட்டிய ஓரம் ஒன்றில் நின்று மண்ணைப் பாருங்கள். கற்கள் அடுக்கடுக்காக, ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் அது ஓடும் நீர் போட்டது. பெரிதும் சிறிதுமாக எல்லா அளவுக் கல்லும் களிமண்ணுக்குள் ஒன்றையொன்று தொடாமல் பதிந்திருந்தால் கற்சேற்று ஓட்டம். இரண்டும் மாறி மாறி வந்தால் அந்த ஓடை இரண்டையும் அனுப்பும். அடுத்தது கல்லின் நிறம். வறண்ட நிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகள் அசையாமல் கிடக்கும் கல்லின்மேல் கறுப்பும் பழுப்புமாக ஒரு மெருகு படியும். சிந்து நதியோரம் பழங்காலத்தவர் காட்டாடு உருவங்களைக் கொத்தி வைத்திருப்பது அந்தக் கறுத்த பாறைகளில்தான். அப்படிக் கறுத்த மேற்பரப்பு ஓடை எப்போதோ கைவிட்ட பகுதி, வெளிறிய கல் இப்போது ஓடை நடமாடும் பகுதி.

கடைசியாகத் தலைப்பகுதியின் வெட்டு எதுவரை நீள்கிறது என்று பாருங்கள். செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும். வெட்டு ஆழமாக இருக்கும் வரை ஓடை அதற்குள் அடங்கிப் போகும், மேலே இரண்டு பக்கமும் ஓரளவு பாதுகாப்பு. வெட்டின் ஆழம் குறைந்துகொண்டே வந்து விசிறியின் பரப்போடு சமமாகும் ஒரு புள்ளி இருக்கும், அதற்குக் கீழேதான் வெளிறிய புதுப் படிவு விரிந்து கிடக்கும். அந்தப் புள்ளி விசிறியின் நடுவில் இருந்தால், ஓடை இன்று வறண்டு கிடந்தாலும் சரி, அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வீடும் அடுத்த தடத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.